சஃப்பார்: பட்டறையிலிருந்து வந்த அரச மரபுப் பெயர்

9ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈரான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தானில் எழுந்த அரச மரபைத் தமிழில் சபாரித், சஃபாரிட், சாஃபரித், சபாவித் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். கடைசியாகச் சொன்னது வெறும் எழுத்துப்பிழை இல்லை, வேறு மரபின் பெயர். சஃபவிகள் 1501இல் ஈரானில் ஆட்சிக்கு வந்தவர்கள். சஃபியுத்தீன் என்ற சூஃபி பெரியவரின் பெயரால் அழைக்கப்படுபவர்கள். இரு மரபுகளின் தொடக்கத்துக்கும் நடுவே அறுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. தமிழில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

சீஸ்தான் மரபின் பெயருக்கு மூலம் 'சஃப்பார்' என்ற சொல். அதன் வேர் அரபியில் உள்ள ஸ-ஃப-ர. 'அஸ்ஃபர்' என்றால் மஞ்சள் நிறம். 'ஸுஃப்ர்' என்றால் மஞ்சள் பாய்ந்த செம்பு, அதாவது பித்தளை, வெண்கலம் போன்ற கலவை. அதில் வேலை செய்பவர் 'சஃப்பார்'. நடு எழுத்தை இரட்டித்து அடுத்த உயிரை நீட்டினால் தொழில்காரரின் பெயர் கிடைக்கும். இது அரபியில் வழக்கமான அச்சு. கொல்லர் ஹத்தாத், தச்சர் நஜ்ஜார், ரொட்டி சுடுபவர் கப்பாஸ். இந்த அச்சு நமக்கும் புதிதல்ல. 'கஸ்ஸாப்' கசாப்புக் கடையாகவும், காசு மாற்றும் 'ஸர்ராஃப்' சராப்பாகவும் தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டன. ஆகவே 'ஃப்பா' என்ற இரட்டிப்பை விடக்கூடாது. விட்டால் தொழிலைக் காட்டும் உறுப்பே போய்விடும். இரட்டிப்பு இல்லாத 'சஃபர்' இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதம். அதே மூன்றெழுத்தில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமை. ஐரோப்பா வழியாகச் சுற்றி வந்து நம் ஊரில் 'சைபர்' ஆனது அதுதான். காட்டுக்குப் போகும் சஃபாரிக்கு மூலம் பயணத்தைக் குறிக்கும் வேறொரு 'சஃபர்'. அதன் முதலெழுத்து அரபியில் வேறு. தமிழ் எழுத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

'சஃபாரித்' என்பதன் இறுதியில் வரும் 'இத்' பாரசீகமும் அல்ல, அரபியும் அல்ல. வழித்தோன்றல் என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன ஒட்டு அது. பாரசீகத்தில் 'சஃப்பாரியான்' என்பார்கள். சோழர், பல்லவர் என்று சொல்லிப் பழகிய நமக்கு 'சஃப்பாரியர்' போதும். 'சஃபாரித்துகள்' என்றால் கிரேக்க ஒட்டின்மேல் தமிழ் ஒட்டு ஏறி உட்காருகிறது.

மரபை நிறுவியவர் யாகூப் இப்னு லைத். லைத் என்பது தந்தையின் பெயர், பொருள் சிங்கம். ஊர், சீஸ்தானின் தலைநகரான சரஞ்சை அடுத்த கர்னீன். சரஞ்ச் இன்று ஆப்கானிஸ்தானின் நிம்ரூஸ் மாகாணத்தில் இருக்கிறது. யாகூப் நகரத்துக்கு வந்து செம்பு வேலை கற்றார், மாதக் கூலி 15 திர்ஹம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் கர்தீஸி எழுதுகிறார். பிறகு 'அய்யார்' கூட்டத்தில் சேர்ந்தார். இந்தச் சொல்லைக் கொள்ளையர் என்று பெயர்த்தால் பாதிதான் சரி. அரசுக் காவல் தளர்ந்த ஊர்களில் தாங்களே ஆயுதம் ஏந்திய இளைஞர் படை அது. காவலும் செய்யும், வழிப்பறியும் செய்யும். 861இல் யாகூப் சீஸ்தானின் அமீர் ஆனார். 867இல் ஹெராத், 870இல் காபூல் என்று வளர்ந்து, 873இல் நிஷாப்பூரில் நுழைந்து, குராசானை ஆண்டுவந்த தாஹிரியரின் ஆட்சியை முடித்தார். 876இல் கலீஃபாவின் மீதே படையெடுத்தார். பாக்தாதுக்குத் தென்கிழக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், தைருல் ஆகூலில் எதிரிகள் கால்வாய்க் கரையை உடைத்து நிலத்தை வெள்ளக்காடாக்கினார்கள். குதிரைப்படை சேற்றில் சிக்கியது, யாகூப் தோற்றார். 879இல் தென்மேற்கு ஈரானின் குந்திஷாப்பூரில் வயிற்று நோயால் இறந்தார். அவர் எட்ட முடியாமல் போன பாக்தாதில் செம்புப் பட்டறைகளின் சந்தைக்கு 'சூக் அல்-ஸஃபாஃபீர்' என்று பெயர். அதே வேர்ச்சொல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெற்றியைப் புகழ்ந்து அரபியில் கவிதை பாடியபோது, 'எனக்குப் புரியாததை ஏன் சொல்கிறீர்கள்' என்று யாகூப் கேட்டதாகவும், அதன்பின் அவருடைய செயலர் முஹம்மது இப்னு வஸீஃப் பாரசீகத்தில் பாடியதாகவும் சீஸ்தான் வரலாற்று நூல் சொல்கிறது. அரபி புரியாத அந்த மனிதரின் மரபுக்கு நிலைத்தது அரபிப் பெயர். அவர் மொழியில் அந்தத் தொழிலுக்கு 'ரூய்கர்' என்ற சொல் இருந்தது. இப்போது 'மெஸ்கர்' என்கிறார்கள். அதே வரலாற்று நூல் அவருக்கு, இஸ்லாமுக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசர்கள் வரை ஒரு வம்சாவளியும் எழுதி வைத்திருக்கிறது. மக்கள் வாயில் நின்றது என்னவோ பட்டறைப் பெயர்தான்.

இனி தமிழ்ச் சொல். 'கருமான்', 'இரும்புக் கொல்லர்' இரண்டும் தவறு, உலோகமே வேறு. 'செப்புக் கொல்லர்' புரியும். ஆனால் பித்தளையை வெளியே நிறுத்திவிடுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் தெருக்களைச் சொல்லும்போது 'கஞ்ச காரரும் செம்புசெய் குநரும்' என்று வெண்கல வேலையையும் செம்பு வேலையையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் ஒரு கை ஆளும் தொழிலுக்கு வழக்கில் உள்ள சொல் 'கன்னார்'. சஃப்பாருக்கு நேர் இதுதான்.

கொல்லருக்கும் கன்னாருக்கும் வேலைமுறையே வேறு. இரும்பைச் சூட்டில் அடிப்பார்கள். செம்புத் தகட்டைப் பெரும்பாலும் ஆறிய நிலையில் தட்டி எடுப்பார்கள். தட்டத் தட்ட அது இறுகும். இறுகியதை அப்படியே மேலும் தட்டினால் விளிம்பில் விரிசல் விடும். அதனால் இடையிடையே மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். எஃகைக் காய்ச்சி அப்படி முக்கினால் கெட்டியாகும், செம்போ இளகும். பாத்திரம் முடிந்ததும் உள்ளே ஈயம் பூச வேண்டும். இல்லையென்றால் புளிச் சமையலில் களிம்பு ஏறும். பாத்திரத்தைத் துலக்கிக் காயவைத்து, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் பரப்புவார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். சூடு குறைந்தால் திரளும், கூடினால் கருகும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் ஒட்டவே ஒட்டாது. இந்தப் பூச்சுக்கு நாம் சொல்லும் 'கலாய்' அரபி 'கலயீ'. கலா என்ற துறைமுகத்திலிருந்து வந்த ஈயம் என்பது அதன் பொருள். அந்தக் கலா மலேயாவின் கெடா, அதாவது நம் கடாரம் என்று பலர் கருதுகிறார்கள்.

'கன்னார்' சரியான சொல் என்றாலும் ஒரு சிக்கல் கூடவே வருகிறது. தமிழில் அது தொழிலோடு சாதியையும் சொல்லும். சஃப்பார் அப்படியில்லை, கற்றுக்கொண்ட வேலையை மட்டும் சொல்வது. யாகூபின் தம்பி அம்ரு, அண்ணனுக்குப் பின் ஆண்டவர், கழுதைகளை வாடகைக்கு ஓட்டியவர் என்று சொல்லப்படுகிறார். ஆகவே 'கன்னார் குலத்து மன்னர்கள்' என்று எழுதினால் பிழை. மரபின் பெயரை மொழிபெயர்க்காமல் 'சஃப்பாரியர்' என்றே வைத்து, முதன்முறை வருமிடத்தில் 'கன்னார் வேலை பார்த்த யாகூபின் வழியினர்' என்று ஒரு தொடர் சேர்த்துக்கொள்ளலாம்.