கன்பாகு: 'டைவ் பாம்பர்'க்குத் தமிழ்ல என்ன சொல்றது?

'டைவ் பாம்பர்'ங்கிறதை ஒரு எடத்துல 'மூழ்கும் குண்டுவீச்சு விமானம்'னு தமிழாக்கி வச்சிருந்தாங்க, அதைப் படிச்ச நாள்ல இருந்து இந்தச் சொல் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. விமானம் எங்கங்க மூழ்குது? கிணத்து மேட்டுல இருந்து பசங்க டைவ் அடிக்கிறப்போ தண்ணிக்குள்ள போறது கடைசியில நடக்கிறது, அதுக்கு முன்னாடி தலையை முன்னால நீட்டிக்கிட்டு காத்துல சர்ருனு இறங்குறாங்கல்ல, அந்த இறக்கத்தைத்தான் இந்த டைவ் குறிக்குது.

இதை ஒரு நிஜ விமானத்தை வச்சே பாக்கலாம். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் கடற்படைக்காக ஐச்சி கம்பெனி செஞ்ச டி3ஏங்கிற டைவ் பாம்பர். 1938 தொடக்கத்துல முதல்ல பறந்துச்சு, மொத்தம் சுமார் 1,500 செஞ்சாங்க. ஜப்பான்காரங்க இதுக்கு வச்ச பேரு 'க்யூக்யூ-ஷிகி கன்ஜோ பாகுகெகிகி'. வாய்ல நுழையாத மாதிரி இருந்தாலும் பிரிச்சுப் பார்த்தா ரொம்ப எளிசு. 'கன்'னா போர்க்கப்பல், 'ஜோ'ன்னா மேல, 'பாகு' வெடி, 'கெகி' தாக்கு, 'கி' எந்திரம். கப்பல் மேல இருந்து கிளம்பிப் போய் குண்டு போடுற எந்திரம், அவ்ளோதான். இதைச் சுருக்கி 'கன்பாகு'ன்னு சொல்வாங்க. 'க்யூக்யூ-ஷிகி'ன்னா 99ஆம் வகை. அவங்க அரச ஆண்டுக் கணக்குல 1939ங்கிறது 2599, அதோட கடைசி ரெண்டு எண்தான் 99. அடுத்த வருஷம் 2600, பூஜ்யத்துல முடியுது, ஜீரோ சண்டை விமானத்துக்குப் பேரு வந்ததும் அப்படித்தான்.

இப்ப கவனிங்க, இந்தப் பேர்ல 'டைவ்' எங்கயுமே இல்ல. பாய்ஞ்சு இறங்கிக் குண்டு போடுறதுக்கு ஜப்பானிய மொழியில 'க்யூகோகா பாகுகெகி'ன்னு தனிச் சொல்லே இருக்கு, 'க்யூகோகா'ன்னா திடீர்னு வேகமா இறங்குறது. ஆனா விமானத்தோட பேர்ல அதைச் சேர்க்கல, ஏன்னா அவங்க கடற்படையில 'பாகுகெகிகி'ன்னு சொன்னாலே செங்குத்தா இறங்கிக் குண்டு போடுறதுன்னு அர்த்தம். டார்பிடோ (தண்ணிக்குள்ள ஓடிப் போய்க் கப்பலைத் தாக்குற குண்டு) போடுறதையும் உயரத்துல நேரா பறந்தபடியே குண்டு போடுறதையும் 'கன்கோ'ன்னு தனியாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அதனால ரெண்டையும் பொத்தாம்பொதுவா 'குண்டுவீச்சு விமானம்'னு எழுதிட்டுப் போனா அவங்க வச்ச வித்தியாசமே காணாமப் போயிடும்.

எதுக்கு அப்படி இறங்கணும்னு தெரிஞ்சாத்தான் சரியான சொல் கிடைக்கும். மூவாயிரம் மீட்டர் உயரத்துல இருந்து ஒரு குண்டைச் சும்மா விட்டா கீழ வர சுமாரா 25 செகண்டு ஆகும், அதுக்குள்ள வேகமா ஓடுற ஒரு போர்க்கப்பல் முந்நூறு மீட்டருக்கு மேல நகர்ந்து திரும்பியும் போயிடும், குண்டு கடல்லதான் விழும். அதனால பைலட் விமானத்தோட மூக்கையே கப்பல் பக்கம் சாய்ச்சு, செங்குத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி இறங்கி, ஐந்நூறு மீட்டர் வாக்குல வந்து குண்டை விட்டுட்டு மூக்கைத் தூக்கிடுவார். அங்க இருந்து குண்டுக்கு நாலஞ்சு செகண்டு பயணம்தான், கப்பல் தப்பிக்கிறது ரொம்பக் கஷ்டம். வேகம் கட்டுமீறிடக் கூடாதுன்னு ரெண்டு றெக்கைக்கு அடியிலயும் பட்டையான பிரேக் வச்சிருந்தாங்க, இறங்குறப்போ அது காத்துக்குக் குறுக்கே திரும்பி நிக்கும். வயித்துக்கு அடியில இருக்கிற 250 கிலோ குண்டை அப்படியே கழட்டி விட்டா சுத்துற ப்ரொப்பெல்லர்ல மாட்டிக்கும்னு ஊஞ்சல் கம்பி மாதிரி ஒரு கை குண்டை வெளிய தள்ளிப் பிடிச்சு அப்புறம் விடும். சக்கரம் உள்ள மடங்காது, வெளியவே தொங்கும், அதுக்கு மேல ஒரு உறை மாட்டியிருக்கும், படத்துல பாத்தா டக்குனு அடையாளம் தெரியுறது அதை வச்சுத்தான்.

ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்ட நேசநாடுகள் இதுக்கு 'வேல்' (Val)னு ஒரு ரகசியப் பேரு வச்சாங்க. சண்டை விமானத்துக்கு ஆம்பளைப் பேரு, குண்டுவீச்சு விமானத்துக்குப் பொம்பளைப் பேருன்னு ஒரு முறை, அதுல வந்த பொண்ணு பேரு இது. தமிழ்ல எழுதுறப்போ இது தொல்லை, 'வால்'னு எழுதுனா நாய் வாலு, 'வேல்'னு எழுதுனா முருகன் கை வேலு. அதனால நான் 'ஐச்சி டி3ஏ'ன்னே எழுதுறேன், அதுதான் குழப்பமில்லாதது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'வானூர்தி'ங்கிறதுக்கு வேர் புறநானூறு வரைக்கும் போகுது, 'வலவன் ஏவா வான ஊர்தி'ன்னு 27ஆம் பாட்டுல இருக்கு. ஓட்டுறவன் இல்லாம வானத்துல போற ஊர்தி. விமானம் தாங்கிக் கப்பலும் எல்லாருக்கும் புரியுது. சிக்கல் 'டைவ்'லதான். 'இறாஞ்சுதல்'னு ஒரு அருமையான சொல் இருக்கு, பருந்து மேல இருந்து பாய்ஞ்சு கோழிக்குஞ்சைத் தூக்குறது. காட்சி அப்படியே பொருந்துது, ஆனா அதுல தூக்கிட்டுப் போறதும் சேர்ந்திருக்கே, விமானம் போட்டுட்டுப் போகுதே, அதனால மனசில்லாம அதை விட்டேன். 'பாய்ச்சல்' நல்ல சொல்தான், ஆனா புலி தரையில பாயுறதும் பாய்ச்சல்தான், கோணம் அதுல இல்ல. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் பேச்சுல 'பொம்மர் பதியுது'ன்னு சொல்வார், விமானம் தாழ இறங்கி வர்றதை. குண்டுக்குக் கீழ இருந்து பாத்த மக்களோட வாய்ல வந்த சொல்லு அது, கேக்குறப்போவே வயித்தைப் பிசையும். ஆனா பதியுறதுல தாழ வர்றது இருக்கு, செங்குத்து வரல.

கடைசியா எனக்குப் பொருந்துனது 'குத்திறங்கு'. செங்குத்துல இருக்கிற குத்து, கூடவே இறக்கம், ரெண்டும் வந்துடுச்சு. டைவ் பாம்பர் 'குத்திறங்கு குண்டுவீச்சு விமானம்'. கன்பாகுவை எழுத்துக்கு எழுத்து மாத்தி 'கப்பல்மேல் குண்டுவீச்சு விமானம்'னு மட்டும் எழுதிடாதீங்க, கப்பல் மேல குண்டு போடுறதுன்னு அர்த்தம் மாறிடும். 'தாங்கிக்கப்பல் குண்டுவீச்சு விமானம்'னு எழுதலாம்.

ஒரு வாக்கியத்துல வச்சுப் பாருங்க, நம்ம பக்கத்துக் கடல்ல நடந்ததுதான்: "1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானிய விமானி எகுசா தகாஷிகே தலைமையில் வந்த குத்திறங்கு விமானங்கள் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன, 424 பேர் இறந்தனர். நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலும் அதே வகை விமானங்களின் குண்டுக்கு இரையானது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை." இங்க மூழ்குனது கப்பல்தான்.