முன்வேலை முடியாமல் பின்வேலைக்குத் தேதி போடாதீர்கள்

டெல்டாவில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வேலைத் திட்டமிடல் சொல்லித் தருவது என் தொழில். மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம், திருத்துறைப்பூண்டி என்று எந்த ஊர் அலுவலகத்துக்குப் போனாலும், இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் ஏதோ ஒரு வேலைப்பட்டியல் செயலி இருக்கிறது. திறந்து காட்டச் சொன்னால் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். தேதி கடந்த வேலைகள்.

அந்தச் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அவற்றில் பல, குறித்த நாளில் யாராலும் செய்திருக்கவே முடியாத வேலைகள். தண்ணீர் வராமல் நடவு, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் ஆவணம்) கைக்கு வராமல் பயிர்க் காப்பீடு, சாக்கு வராமல் மூட்டை பிடிப்பு. ஒருங்கிணைப்பாளர்கள் சோம்பலில் விட்டதுபோலச் செயலி காட்டுகிறது. நாலு வாரம் இப்படியே ஓடினால் அதை யாரும் திறப்பதில்லை. அப்புறம் எல்லாம் பழையபடி ஞாபகத்திலும் வாட்ஸ்அப்பிலும்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒரு வேலை (பின்வேலை) இன்னொரு வேலைக்காக (முன்வேலை) காத்திருக்கிறது என்றால், அதை அந்த முன்வேலையோடு கட்டுங்கள். ஊகித்த தேதியோடு கட்டாதீர்கள்.

ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் நாள் என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை வைத்து, கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள், அப்புறம் நாற்றங்கால், அப்புறம் நடவு என்று வரிசையாகத் தேதிகளை அடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் 2022-ல் அணையை மே 24-லேயே திறந்தார்கள். 2019-ல் ஆகஸ்ட் 13 ஆனது, 2024-ல் ஜூலை 28. தேதியை மட்டும் நம்பிய பட்டியல் 2024-ல் ஒன்றரை மாதம் சிவப்பாகவே கிடந்திருக்கும். அதே பட்டியலில் முதல் வரியாக 'மேட்டூர் திறப்பு' என்று போட்டு, மற்ற வேலைகளை அதன் பின்னால் கட்டி, நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரே ஒரு தேதியை மாற்றினால் போதும். இன்னொன்றும் உண்டு. ஜூலைக் கடைசியில் தண்ணீர் விட்டால், ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருப்பவர் குறுகிய காலப் பயிரான குறுவையை விட்டுவிட்டு நேரே நீண்ட காலப் பயிரான சம்பாவுக்குத்தான் போவார். அதனால் 'குறுவையா, சம்பாவா: முடிவு' என்பதும் தனி வரியாக இருக்க வேண்டும். அது முடியாமல் விதை ரகம் வாங்குவதற்கு வேலையே இல்லை. 110 நாள் ஆடுதுறை 43 ஒரு பக்கம், 155 நாளுக்கு மேல் நிற்கும் சி.ஆர். 1009 ஒரு பக்கம். தவறான மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் சிரமம்.

பம்ப்செட் இருக்கிற வயலுக்கு மேட்டூர் என்ற முன்வேலையே கிடையாது. கும்பகோணம் பக்கத்து உறுப்பினர் ஒருவருக்குப் போட்ட பட்டியலை அப்படியே நகல் எடுத்து, தலைஞாயிறு பக்கம் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில், இருப்பவருக்கு மாட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நிலத்தடி நீர் உப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் உண்டு, அதுவும் மேல்மடைக்குப் பாய்ந்த பிறகு. இரண்டு வயலிலும் வேலைகளின் பெயர் ஒன்றுதான், எது எதற்குக் காத்திருக்கிறது என்பது வேறு.

துணைவேலைக்கும் முன்வேலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்றுப் பறிப்பு, முடி கட்டுதல், வயலுக்குக் கொண்டுபோய் வீசுதல், இதெல்லாம் நடவின் துணைவேலைகள், நடவின் பகுதிகள். நாற்றங்கால் அப்படியில்லை. அது வேறு நாளில், வேறு ஆட்களால் நடக்கும் தனி வேலை. அதையும் நடவின் உள்ளே துணைவேலையாகத் திணித்துவிட்டால், அதைத் தொடங்க வேண்டிய நாள் யார் கண்ணிலும் படாது.

நாற்றங்கால் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'முன்வேலை முடிந்தது, பின்வேலையைத் தொடங்கலாம்' என்று மட்டும் செயலி சொல்கிறது. வயலில் அதோடு முடிவதில்லை. விதை தெளித்துவிட்டால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. குறுகிய கால ரகம் என்றால் 18 முதல் 22 நாள் நாற்றாக நட வேண்டும். நீண்ட கால ரகம் 35 நாள் வரை தாங்கும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, மகசூல் போகும். இயந்திர நடவுக்குப் போடும் பாய் நாற்றங்கால் இன்னும் மோசம்: பதினைந்து நாள் வாக்கில் எடுத்துவிட வேண்டும். உயரம் கூடினால் வண்டி அதைச் சரியாக எடுக்காது.

பாபநாசம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருங்கிணைப்பாளர் நடவு வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நம்ம வண்டி என்னைக்கு வரும்?"

"பாய் நாத்து போட்டாச்சாம்மா?"

"பதினாலு நாள் ஆச்சுண்ணே."

"அடடா. வண்டி வலங்கைமான்ல நிக்குதும்மா. இன்னும் ஒரு வாரம் ஆவும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவருடைய பட்டியலில் 'பாய் நாற்றங்கால்' பச்சையாக டிக் ஆகியிருந்தது. 'இயந்திர நடவு' தேதியோடு இருந்தது. 'வண்டி உறுதி செய்தல்' என்ற வரியே இல்லை. வேலை தெரியாத பெண் இல்லை அவர், அந்த வட்டாரத்தில் அவரைப்போல ஓடியாடுபவர்கள் குறைவு. பட்டியலின் அமைப்புதான் அவரைக் கைவிட்டது. அன்றைக்கே அதைத் திருப்பிப் போட்டோம். வண்டி வரும் நாள் உறுதியானால்தான் விதை ஊறப்போடுவது. வண்டி நாளிலிருந்து பின்னோக்கிப் பதினைந்து நாள் எண்ணினால் விதைப்பு நாள். ஆக, கடைசியில் வரும் வேலைதான் முதல் வேலையின் தேதியைத் தீர்மானிக்கிறது. செயலியில் இதை எழுத எளிய வழி உண்டு: நாற்றங்கால் வரியை முடித்து டிக் அடிக்கும்போதே, நடவு வரியில் 'இதற்கு முன் கூடாது', 'இதற்கு மேல் ஆகக் கூடாது' என்று இரண்டு தேதிகளையும் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு தேதிக்குத்தான் இடம் இருக்கிறதா? அப்படியானால் கெடு நாளை அங்கே போட்டு, தொடங்கும் நாளைக் குறிப்பில் எழுதுங்கள்.

கை நடவிலும் இதே கதைதான். அங்கே நடவுக்கு மூன்று முன்வேலைகள் ஒரே நாளில் வந்து சேர வேண்டும்: நடும் வயதுக்கு வந்த நாற்று, சேறடித்துப் பரம்படித்த (சமன் செய்த) வயல், ஆள். இரண்டு தயாராகி மூன்றாவது தவறினால் நடவு இல்லை. இதில் நான் மிகவும் வருந்துவது ஆட்களுக்காக. பரம்பு முடியாத வயலுக்கு நடவுப் பெண்களை வரச் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குக் கரையில் நிறுத்தி, 'நாளைக்கு வாங்கம்மா' என்று அனுப்பினால், அவர்களுக்கு அன்றைய கூலி போய்விட்டது. வேறு வயலுக்கும் போயிருக்க முடியாது. ஆகவே 'ஆள் சொல்லுதல்' என்ற வரியை 'பரம்பு முடிந்தது' என்று வயல்காரர் சொன்ன பிறகே திறக்கும்படி கட்டச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் சொன்னால்கூட ஆட்களைக் கூட்டிவரும் அம்மா ஏற்பாடு செய்துவிடுவார். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது, நம் கையில் இல்லாத வேலைகள். 'அடங்கல் வாங்குதல்' என்று ஒரே வரியாக எழுதுவது எல்லாரும் செய்வது. அதில் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) கேட்டு, தாள்களைக் கொடுப்பது நம் வேலை. அடங்கல் வருவது அவர் வேலை. முதல் வரியை இன்றே முடிக்கலாம். இரண்டாவது வரி 'காத்திருப்பு': யாரிடம், என்றைக்குக் கொடுத்தது, என்றைக்கு மறுபடி கேட்பது என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். மறுபடி கேட்கும் நாள் இல்லாத காத்திருப்பு வரி மறதிக்குத்தான் போகும். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள் என்று அறிவிப்பார்கள். சில ஆண்டு நீட்டித்ததும் உண்டு, அதை நம்பி உட்காரக் கூடாது. அந்த வாரத்தில் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் பொதுச் சேவை மையத்திலும் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கெடு என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு. முதல் கண்ணிக்கு உரிய நாள் அக்டோபரிலேயே வந்துவிடுகிறது.

அடங்கலிலேயே இன்னொரு சிக்கலையும் பார்த்தேன். ஒரு பட்டியலில் 'விதை, உரம் வாங்க' என்பது 'சங்கத்தில் பயிர்க்கடன்' (கூட்டுறவுச் சங்கக் கடன்) வரிக்குக் காத்திருந்தது. கடன் 'அடங்கல்' வரிக்கு. அடங்கல் 'விதைப்பு' வரிக்கு. விதைப்பு, விதை வாங்குவதற்கு. வட்டம் போட்டுக்கொண்டு நாலும் நின்றுவிட்டன. சில செயலிகள் இப்படிக் கட்டும்போதே பிழை என்று சொல்லித் தடுக்கும், சில பேசாமல் ஏற்றுக்கொள்ளும். வட்டம் வந்தால், அதில் ஒரு பெயருக்குள் இரண்டு பொருள் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே கலந்திருந்தது அடங்கல். காப்பீட்டுக்குக் கேட்பது இந்தப் போகத்தின் அடங்கல். அந்தச் சங்கம் கடன் மனுவுக்குப் போன போகத்து அடங்கலையே ஏற்றுக்கொண்டது. இரண்டு வரியாகப் பிரித்தவுடன் முடிச்சு அவிழ்ந்தது. போதாக்குறைக்கு, வருவாய்த் துறைக் கணக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் மாறுகிறது. எந்தப் பசலி அடங்கல் என்பதையும் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

எந்தச் செயலி என்று கேட்பார்கள். கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டூ டூ, டூடூயிஸ்ட் மூன்றிலும் துணைவேலை போடலாம், ஆனால் 'இது முடிந்தால்தான் அது' என்று கட்டும் வசதி அவற்றில் இல்லை. ஆசானா, கிளிக்அப், நோஷன் ஆகியவற்றில் உண்டு. ஆசானாவில் அது கட்டணத் திட்டத்தில்தான். அங்கே முன்வேலையை முடித்ததும் பின்வேலைக்காரருக்கு அறிவிப்பு போகும், பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அது பெரிய உதவி. நோஷனில் முன்வேலை தள்ளிப்போனால் பின்வேலைத் தேதியை என்ன செய்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதில் 'இடைவெளி மாறாமல் தள்ளு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது, மேட்டூர்க் கணக்குக்கு அதுதான் பொருத்தம். ஆனால் நாற்றின் வயதை எந்தத் தேர்வாலும் தள்ள முடியாது, அந்த வரியில் மட்டும் கையால் பார்க்க வேண்டும். ஆப்பிள் கருவிகளில் ஓடும் ஆம்னிஃபோகஸில், ஒரு திட்டத்தை வரிசைத் திட்டம் என்று குறித்தால் முதல் வேலை முடியும்வரை அடுத்தது மங்கலாகவே இருக்கும்.

பெரும்பாலான ஒருங்கிணைப்பாளர்களிடம் இருப்பது இலவசச் செயலிதான். அதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 'இன்று செய்யலாம்', 'காத்திருப்பு' என்று இரண்டே பட்டியல் போதும். காத்திருப்பில் உள்ள வரிக்குச் செய்யும் தேதி போடக் கூடாது; பிறர் கையில் இருக்கும் வேலை என்றால் மறுபடி கேட்கும் நாளை மட்டும் எழுதுங்கள். வரியின் தொடக்கத்திலேயே எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள்: 'பரம்பு முடிந்ததும்: ஆள் சொல்ல'. ஒரு வேலைக்கு டிக் அடித்தவுடன் அதன் பெயரைக் காத்திருப்புப் பட்டியலில் தேடுங்கள். கிடைப்பவற்றை எடுத்து 'இன்று' பக்கம் போட்டு, அப்போது தேதி கொடுங்கள். கையால் செய்யும் வேலைதான், ஆனாலும் சிவப்பு பெருமளவு காணாமல் போகும்.

கட்டத் தெரிந்ததும் சிலர் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள். அதுவும் ஆபத்து. வரப்பு போடுதல், அண்டை வெட்டுதல், ஜிங்க் சல்பேட் வாங்கி வைத்தல் எதுவும் நாற்றங்காலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பட்டியலில் கீழே எழுதியிருக்கிறது என்பதற்காகப் பின்னால் கட்டிவிட்டு, ஆள் சும்மா இருந்த நாளில் செய்யாமல் விடுகிறார்கள். கட்டும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அது முடியாமல் இதைத் தொடங்கினால் முடியாதா, அல்லது வீணாகுமா? இரண்டும் இல்லையென்றால் கட்ட வேண்டாம். 1957-ல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய நெருக்கடிப் பாதை முறையும் இதைத்தான் செய்கிறது. ஒன்றையொன்று நம்பி நீளும் சங்கிலிகளில் எது நீளமானது என்று கண்டுபிடித்து, அதில் ஒரு நாள்கூடத் தவறாமல் பார்த்துக்கொள்வது. மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. தேவையில்லாத கட்டு போட்டால் பொய்யான நீளம் வந்துவிடும்.

அறுவடையில் இந்தச் சங்கிலி பணத்தோடு நேரே மோதுகிறது. அறுப்புக்குப் பத்து நாள் வாக்கில் முன்னால் தண்ணீர் வடிய வேண்டும். வயல் காய்ந்தால் டயர் மிஷின், ஈரமாக இருந்தால் பெல்ட் மிஷின், அதற்கு வாடகை கூடுதல். அதனால் 'வடிகால் திறந்தாச்சா' என்பது மிஷின் பேசும் வரிக்கு முன்வேலை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக, சிட்டா (நில உரிமை ஆவணம்), அடங்கல், வங்கிப் புத்தகத்தோடு பதிவு முடிந்திருக்க வேண்டும். ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதிவு என்பது காகித வேலை, கதிர் முற்றும்போதே முடிக்கலாம். பல பட்டியல்களில் அது அறுவடைக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது. விளைவு, நெல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்க, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் தார்ப்பாய் போட்டு இரவெல்லாம் காவல் இருக்கிறது. பட்டியலில் அந்த ஒரே ஒரு இணைப்பை முன்னால் மாற்றிப் போட்டாலும் அந்தக் காவலில் சில இரவுகளாவது குறையும்.

தாளடி அறுப்பு முடிந்து மார்ச்சில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த வாரத்தில் வயல்காரர், வண்டிக்காரர், ஆள் கூட்டிவரும் அம்மா மூவரையும் உட்காரவைத்துப் போன போகத்துப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் வேலை நின்றது என்று அவர்களே சொல்வார்கள். விட்டுப்போன வரியை அங்கேயே சேர்த்து, அதற்கு முன்வேலை எது என்றும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் வந்துவிட்டால் அதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.