ஃப்ளாட் கூடினா ட்ரெஃபிக்கும் கூடுமா? கேட் எங்க இருக்குனு பாருங்க

கொழும்புக்கு வடக்கால இருக்கிற வத்தளைப் பக்கம் புதுசா ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு போர்ட் நட்டாலே எல்லாரும் சொல்றது ஒன்றுதான், இனி நீர்கொழும்பு ரோட்டுல நகர ஏலாது. பயம் நியாயம்தான், ஆனா கணக்கு பாதிதான் சரி. எத்தனை வீடு வருதுங்கிறதை விட, அந்த வீட்டு ஆக்கள் ஒரு பாணும் பனடோலும் வாங்குறதுக்கு மெயின் ரோட்டுல வாகனத்தை இறக்கணுமா இல்லையாங்கிறதுதான் பெரிய விசயம்.

முதல்ல ரோடு ஏன் திடீர்னு இறுகுதுனு பார்ப்போம். வாகனம் கூடுற அளவுக்கே காத்திருப்பும் கூடும்னுதான் நினைக்கிறோம், அப்படி இல்ல. வரிசையில காத்திருக்கிறதுக்கான எளிமையான கணக்குப்படி ஒரு சந்தி தாங்கக்கூடியதுல 80 வீதம் நிரம்பினா அதைக் கடக்குற நேரம் காலியா இருக்கும்போது ஆகிறதைப் போல 5 மடங்கு, 90 வீதத்துல 10 மடங்கு, 95ல 20 மடங்கு. அதாவது 80ல இருந்து 95க்குப் போக வாகனம் ஐந்துல ஒரு பங்கு கூட கூடல்ல, நேரம் நாலு மடங்காகிட்டு. நிஜ ரோடு இவ்வளவு ஒழுங்கா சூத்திரத்துக்குள்ள அடங்காதுதான், பஸ் நடுரோட்டுல நிப்பாட்டுறதெல்லாம் எந்தக் கணக்குல சேர்க்கிறது, ஆனா போக்கு இதேதான். ஸ்கூல் லீவு விட்டா கொழும்பு ரோடு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஆபீஸ் போற சனம் அப்படியேதான் போகுது, ஸ்கூல் வேனும் பிள்ளைய இறக்குற காரும் மட்டும்தான் இல்ல, அதுக்கே ரோடு திறந்துடும்.

அப்போ ரோட்டை அகலமாக்கினா சரிதானேனு கேட்பாங்க. அமெரிக்க நகரங்களை வச்சு டுரான்டன், டர்னர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2011ல காட்டினது என்னன்னா, ஹைவே நீளம் எவ்வளவு கூடுதோ கிட்டத்தட்ட அதே வீதத்துல வாகன ஓட்டமும் கூடி இடத்தை நிரப்பிடுது. ஆக, மெயின் ரோட்டுக்கே வராம முடியக்கூடிய பயணங்களைப் பிடிக்கிறதுதான் வழி.

மிக்ஸ்ட் யூஸ்னு சொல்றது அதைத்தான், கீழ கடை, மேல வீடு, பக்கத்துல ஆபீஸ், கிளினிக், டியூசன் கிளாஸ். பார்க்கிங்கும் மிச்சம், பகல்ல ஆபீஸ் கார் நிக்கிற இடத்துல இரவு வீட்டுக்காரர் நிப்பாட்டலாம், ஒரு காருக்கு திரும்புற வழியோட சேர்த்து 25 சதுர மீற்றர் அளவுல போகுது, ரெண்டு கார் இடம்னா ஒரு சின்ன ஃப்ளாட்.

ஆனா கடையைக் கட்டினா மட்டும் சனம் நடக்காது. நாங்க நிமிசத்துக்கு 80 மீற்றர் போல நடக்கிறோம், 5 நிமிசம்னா 400 மீற்றர். வீட்டை நடுவுல வச்சு 400 மீற்றர் வட்டம் போட்டா உள்ள 50 ஹெக்டயர் வரும், ஒரு டவுனுக்குத் தேவையானது முக்கால்வாசி அதுக்குள்ள அடங்கும். இப்ப இடையில மதில் வந்து நடை தூரம் ரெண்டு மடங்காகுதுனு வைங்க, 5 நிமிசத்துல எட்டுற இடம் பாதியாகாது, காலாகும், பன்னிரண்டரை ஹெக்டயர்தான், ஏன்னா பரப்பு தூரத்தோட வர்க்கம். கடை கண்ணுக்கு எதிர்ல இருக்கும், போறதுக்கு மட்டும் முழு மதிலையும் சுத்தணும், உடனே திரீவீலுக்கு கோல் எடுக்கிறோம்.

கொழும்புல கடலோரம் இருக்கிற வெள்ளவத்தையில ஏன் நடக்க ஏலுதுனா கட்டடம் உயரம் குறைவுங்கிறதால இல்ல, உயரமாத்தான் கட்டியிருக்காங்க. மெயின் ரோடான காலி வீதியில இருந்து கடல் பக்கம் லேன் லேனா இறங்குது, முந்தி அதெல்லாம் ரயில் பாதையோட முடிஞ்ச முட்டுச்சந்து, கடலோரமா மரைன் டிரைவ் ரோடு வந்ததும் ரெண்டு பக்கமும் வாய் திறந்துட்டு. கோயில், மரக்கறிக் கடை, ஸ்டேசன் எல்லாம் காலுக்கு எட்டுற தூரம். வத்தளை, ஹெந்தளை பக்கம் பல லேன் இன்னும் யாரோ ஒருத்தர்ட மதில்லதான் முடியுது, அதனால பக்கத்து லேனுக்குப் போறதுக்கும் மெயின் ரோட்டையே மிதிக்கணும்.

இன்னொன்று வெயில். அந்த 5 நிமிசக் கணக்கு குளிர் நாட்டுல செல்லும். எங்கட காத்துல ஈரம் கூட, வியர்வை ஆவியாகாம உடம்புலயே நிக்குது, அப்போ நிழல் இல்லாத 400 மீற்றர் 800 மாதிரித்தான். புது பில்டிங் எல்லாம் கீழ் மாடிகளை பார்க்கிங்குக்கு குடுத்துட்டு ரோட்டுப் பக்கம் வெறும் சுவரா விடுறாங்க, கடையும் இல்ல தாழ்வாரமும் இல்ல, என்ட கண்ணுக்கு உயரத்தை விட இதுதான் பெரிய பிழை.

மிக்ஸ்ட் யூஸால பிடிக்க ஏலாத பயணமும் இருக்கு, கொழும்பு கோட்டைக்கு வேலைக்குப் போறவரை கீழ இருக்கிற பேக்கரி நிப்பாட்டாது. வத்தளையில இருந்து அவர் களனி கங்கையைக் கடந்தே ஆகணும், பாலங்கள் கொஞ்சம்தான், கிட்ட இருக்கிற ரயில் ஹுணுப்பிட்டியில, அதுக்கு நல்ல பஸ்ஸும் ரயிலும்தான் வேணும்.

ஹவ்லொக் சிட்டிங்கிற பெரிய அப்பார்ட்மென்ட் தொகுதி வந்த பழைய வெள்ளவத்தை மில் காணி 18 ஏக்கர் அளவு. அதே அளவுல சதுரமா ஒரு காணி வத்தளையில கிடைச்சா பக்கம் 270 மீற்றர் வரும், குறுக்க போக வழி இல்லனா ஒரு பக்கத்து நடுவுல இருந்து எதிர்ப் பக்கத்து நடுவுக்குச் சுத்திப் போக 7 நிமிசம் ஆகும். நடுவால 3 மீற்றர் அகலத்துல பொது நடைபாதை விட்டா போறது 810 சதுர மீற்றர், மொத்தக் காணியில நூற்றுக்கு ஒன்று சொச்சம், 32 கார் நிக்கிற இடம். கள்ளன் வருவான்னு அப்பார்ட்மென்ட் கமிட்டியில யாராவது எழும்புவாங்கதான், அதுக்கு பாதையோரம் ரெண்டு கடையும் ஒரு லைட்டும் போட்டு இரவு 10 மணிக்கு கேட்டை மூடலாம்.