ஃப்ரீமியம் என்றால் என்ன?

செயலியை இறக்கும்போது ‘ஃப்ரீ’ என்றுதான் இருக்கும். உள்ளே போனால் பாதிப் பொத்தான்களில் பூட்டுப் படம். தொட்டால் ‘பிரீமியத்துக்கு மாறுங்கள்’ என்று வரும். இந்த ஏற்பாட்டின் பெயர் ஃப்ரீமியம்.

முறை பழசு, பெயர்தான் புதுசு. 2006இல் அமெரிக்க முதலீட்டாளர் பிரெட் வில்சன் இந்த வியாபார முறையை விவரித்துவிட்டு, இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று வாசகர்களிடம் கேட்டார். ஜேரிட் லூகின் என்பவர் ‘ஃப்ரீ’யையும் ‘பிரீமிய’த்தையும் ஒட்டிக் கொடுத்தார். பிரீமியத்தின் லத்தீன் மூலத்துக்குப் பரிசு என்று பொருள். நமக்கோ அது எல்ஐசிக்குக் கட்டுகிற தவணை!

செயலிக்குக் காசு கொடுக்க மனம் வராததுதான் இந்தச் சொல்லைப் பரப்பியது. பக்கத்திலேயே ஓசியில் வேறொன்று கிடைக்கும்போது, பயன்படுத்திப் பார்க்காத ஒன்றுக்கு எதற்குப் பணம்? பலரிடம் கார்டும் கிடையாது. முதல் ஆண்டுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு டாலர் அளவில் கட்டணம் வைத்திருந்த வாட்ஸ்அப், 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டபோது சொன்ன காரணமும் அதுதான். ஆப்பிள் 2009 அக்டோபரிலேயே இலவசச் செயலிகளுக்குள்ளும் விற்பனை செய்ய அனுமதித்திருந்தது. அப்புறம் கேண்டி கிரஷ் மாதிரி விளையாட்டுகள் வந்தன: ஐந்து உயிரும் போனால் ஓர் உயிருக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், பொறுமை இல்லையா, காசு கொடுக்கலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘இலவச பிரீமியம்’ தப்பு. பிரீமியமே இலவசம் என்றாகிவிடும். ‘கொசுறு’ அழகான சொல், ஆனால் காய் வாங்கிய பிறகு கிடைக்கும் கறிவேப்பிலைதான் கொசுறு. இங்கே வரிசை தலைகீழ். ‘முன்னிலவசம்’ என்றால் சில நாளில் நின்றுபோகும் ட்ரையலை நினைப்பார்கள். ஃப்ரீமியத்தில் அடிப்படை வசதி தொடர்ந்து இலவசமாகவே இருக்கும். மேல் வசதிக்குத்தான் கட்டணம். அதனால் ‘அடிப்படை இலவசம்’ என்பதே என் தேர்வு. ‘அடியிலவசம்’ என்று சுருக்கினால் அடி இலவசம் என்று படித்துவைப்பார்கள், வேண்டாம். ‘அடிப்படை இலவசச் செயலி’, ‘கட்டண வசதி’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

விளம்பரத்தை மட்டும் காட்டிவிட்டு, எந்த வசதிக்கும் காசு கேட்காத செயலி இதில் சேராது. அதை வெறுமனே ‘இலவசச் செயலி’ என்றே சொல்லலாம்.