ஒரு வீட்டுக் காகிதக் கட்டு ஆவணமாகும் விதம்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்கு நான்கு நாள் முன்பு, 1761 ஜனவரியில், அவர் இறந்தார். கணக்குப் புத்தகம் போன்ற அந்தக் குறிப்பேடுகளை அதன்பின் அவருடைய குடும்பத்தார் எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டிலேயே வைத்திருந்தனர். 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து நகலெடுத்தார். 1904 முதல் 1928 வரை அவை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் இன்று அந்தக் குறிப்பேடுகளைத் தவிர்க்க முடிவதில்லை. துணிப் பொதியின் விலையும் கப்பல் வந்த நேரமும் ஆளுநரின் மனைவி சொன்ன வார்த்தையும் அவற்றில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்தக் குடும்பம் அவற்றை எறியவில்லை, எரிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, வேண்டியது வேண்டாதது என்று பிரித்து வைக்கவும் இல்லை.

ஒரு வட்டாரத்தின் வரலாற்றைக் காக்கும் ஆவணக் காப்பகத்துக்கு வீடுகளிலிருந்து வந்து சேரும் கடிதம், நாட்குறிப்பு, பேரேடு, அடமானப் பத்திரம், மொய் நோட்டு, திருமண அழைப்பிதழ், புகைப்படம் ஆகிய எல்லாவற்றையும் இரண்டு அழிவுகள் தொடர்கின்றன. ஒன்று தாளும் மையும் சிதைவது. மற்றொன்று அவை இருந்த வரிசை குலைவது. முதலாவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். இரண்டாவதே பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. சிதைவை வேதியியலால் தாமதப்படுத்தலாம். ஒருமுறை கலைந்துவிட்ட கட்டை எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கட்ட முடியாது.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் ‘பிரமோதூத வருஷம் தை மாதம் 12ஆம் தேதி’ என்று மட்டும் இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவதால், அது 1871ஆம் ஆண்டின் தை மாதமாகவும் இருக்கலாம், 1931ஆம் ஆண்டின் தை மாதமாகவும் இருக்கலாம். எழுதியவர் ‘தம்பி’ என்றும் பெறுபவர் ‘அண்ணன்’ என்றும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும்போது, கடிதத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. அதே கயிற்றுக்குள், கடிதத்துக்கு மேலே ரங்கூன் கடையின் சிட்டையும் கீழே தேதியிட்ட முத்திரைத்தாள் பத்திரம் ஒன்றும் இருந்தால், ஆண்டும் ஊரும் ஆளும் ஒன்றாகத் தெளிந்துவிடும். அந்தக் கடிதத்தை ‘கடிதங்கள்’ என்று எழுதிய உறைக்கும் பத்திரத்தை ‘சொத்து’ என்று எழுதிய உறைக்கும் ஒருவர் நல்லெண்ணத்தோடு மாற்றிவிட்டால், இரண்டுமே பாதுகாப்பாக இருக்கும். அவற்றுக்கு இடையே இருந்த சாட்சியம் மட்டும் போய்விடும். தபால்தலைக்காக உறையின் மூலையை வெட்டி எடுப்பவர் அஞ்சல் முத்திரையின் ஊரையும் நாளையும் அதனுடன் சேர்த்து எடுத்துவிடுகிறார்.

இதனால்தான் பயிற்சி பெற்ற காப்பாளர், கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுக்கிறார். எந்தப் பெட்டியில், எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து இருந்தது என்று எழுதிக்கொள்கிறார். பிறகே கயிற்றை அவிழ்த்து, தாள்களை மேலிருந்து கீழாக எண்ணிட்டுச் செல்கிறார். எண் இடுவதற்கு மென்மையான பென்சில் மட்டுமே பயன்படும், ஏனெனில் பேனா மை தாளுக்குள் இறங்கிவிடும். ஓர் இடத்திலிருந்து வந்த ஆவணங்களை வேறோர் இடத்தின் ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்ற விதியை 1841இல் பிரெஞ்சு அரசு ஒரு சுற்றறிக்கையாக வெளியிட்டது. உள்வரிசையையும் கலைக்கக் கூடாது என்ற விதியை 1881இல் பிரஷ்யாவின் காப்பகம் ஏற்றது. மூன்று டச்சுக் காப்பாளர்கள் 1898இல் எழுதிய கையேடு இரண்டையும் ஒரு துறையின் அடித்தளமாக ஆக்கியது. அரசு அலுவலகங்களுக்காக உருவான இந்த விதி வீட்டுக் காகிதங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. வீட்டில் கோப்பு எண் கிடையாது. பரணிலும் பெட்டகத்திலும் டிரங்குப் பெட்டியிலும் எது எதன் அருகில் இருந்தது என்பதே கோப்பு எண்.

நகரத்தார் வீடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டிக்கடையின் பேரேடு, அங்கிருந்து வந்த கடிதங்கள் ஆகியன ஒரே குடும்பத்தின் வாழ்வை வெவ்வேறு கோணத்தில் சொல்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் வந்த கடிதங்களே. எழுதி அனுப்பிய கடிதங்கள் கடல்கடந்து வேறொருவர் பெட்டியில் இருக்கும். ஆகவே எந்தக் கடிதத் தொகுப்பும் உரையாடலின் பாதிதான் என்பதைக் காப்பகத்தின் விவரப் பட்டியல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையருக்குப் பலரும் எழுதிய கடிதங்கள், அவர் மறைந்த மறுஆண்டு, 1943இல், அவர் பெயரால் தொடங்கப்பட்டுச் சென்னை பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் பேணப்படுவதும் இவ்வகைப் பாதியே. பாதியாக இருந்தாலும், எந்த ஏடு யார் வீட்டிலிருந்து எப்போது வந்தது என்பதை அறிய அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

குடும்பத் தொகுப்பும் சேகரிப்பாளர் ஒருவரின் திரட்டும் ஒன்றல்ல. கோட்டையூரில் வாழ்ந்து 1992இல் மறைந்த ரோஜா முத்தையா, நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தேடிச் சேர்த்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. இங்கே வரிசையை உருவாக்கியது ஒரு மனிதரின் ரசனை. அந்த ரசனையும் பதிவுசெய்யத் தக்கதே.

இனி தாளின் வேதியியல். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் மடங்கும். துண்டாகிவிட்டால் மடித்த இடத்தில் முறியும். கந்தைத் துணியிலிருந்து கையால் செய்த பழைய தாள்களில் இந்தச் சங்கிலிகள் நீளமானவை. ஆகவே 200 ஆண்டு கடந்த பேரேட்டுத் தாள் துணிபோல் துவள, அறுபது ஆண்டுக்கு முந்தைய மலிவான நோட்டுப் புத்தகம் அப்பளமாக நொறுங்குவது வியப்பல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழ்த் தாள் பரவியபோது, மை ஊறிப் பரவாமலிருக்க அதில் படிகாரமும் குங்கிலியப் பிசினும் சேர்த்தார்கள். காற்றின் ஈரத்தோடு படிகாரம் வினைபுரிந்து தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. ஆனால் அறுக்கும் வேலையில் அது தீர்ந்துபோவதில்லை, அடுத்த கண்ணிக்கு நகர்கிறது. மரக்கூழில் மிஞ்சிய லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பாகிறது. இந்தத் தாள் பக்கத்துத் தாளையும் கெடுக்கும். நல்ல கடிதத்தின்மேல் பல ஆண்டு கிடந்த செய்தித்தாள் நறுக்கு, தன் வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழலைக் கடிதத்தில் பதித்துவிடுகிறது.

இதற்கு மாற்று, அமிலத்தை நடுநிலையாக்குவதோடு எதிர்காலத்தில் உண்டாகப்போகும் அமிலத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் காரத்தைத் தாளுக்குள் விட்டுவைப்பது. கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற கரைசலில் தாளை நனைத்து உலர்த்தும்போது, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து இழைகளுக்கிடையே நுண்ணிய சுண்ணாம்புத் துகள் படிகிறது. நனைப்பதற்கு முன் ஒவ்வொரு மையையும் ஒரு துளி நீரால் சோதிக்க வேண்டும். பேனாவின் நீல மை பலவேளைகளில் நீரில் கரைந்து ஓடிவிடும்.

மையிலும் நல்லதும் கெட்டதும் உண்டு. விளக்குக் கரியிலிருந்து செய்த மை கரிமம் என்பதால் எதனோடும் வினைபுரியாமல் கிடக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அப்படியல்ல. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயின் துவர்ப்பொருளோடு சேர்ந்து அது ஆழ்ந்த கறுப்பைத் தருகிறது, கூடவே அமிலத்தையும் விடுகிறது. அளவுக்கு மிஞ்சிய இரும்பு, தாளின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் எழுத்தின் விளிம்பில் பழுப்பு வளையம் தோன்றும்; பிறகு எழுத்து பின்பக்கம் தெரியும்; இறுதியில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவில் ஓட்டை இருக்கும். 1990களில் நெதர்லாந்தில் வகுக்கப்பட்ட கால்சியம் பைட்டேட் முறை, தானியங்களில் இயல்பாக உள்ள ஒரு சேர்மத்தைக் கொண்டு அந்த மிஞ்சிய இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது.

நம் ஊர்களில் தாளைக் கெடுத்தவற்றுள் அன்போடு செய்த பழுதுபார்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கிழிசலில் ஒட்டிய செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடுகிறது. பிளாஸ்டிக் நாடா உதிர்ந்த பின்னும் கறை போவதில்லை. முத்திரைத்தாளைக் கடையில் கொடுத்துச் சூட்டில் லேமினேஷன் செய்தால் அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபடுகின்றன, திரும்பப் பிரிக்கவும் முடிவதில்லை. காப்பகங்களே ஒருகாலத்தில் இதற்கு விலக்கல்ல. 1950களில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில், சூடின்றி அசிட்டோனைத் தடவிச் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை ஒட்டும் முறை உருவாகி உலகெங்கும் பரவியது; அந்தப் படலமே முதுமையில் அசிட்டிக் அமிலத்தை விடக்கூடியது என்பது பின்னர் தெளிவானது. இன்று விரும்பப்படுவது, ஜப்பானிய முசுக்கட்டை வகைச் செடியின் நீண்ட நாரால் ஆன மெல்லிய தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவது. நீர்பட்டால் அது பிரிந்துவரும். நாளை இதைவிட நல்ல முறை வந்தால் இன்றைய வேலையை நீக்க இயல வேண்டும் என்பதே இங்கு அளவுகோல்.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை கடற்கரை ஊர்கள் தாளுக்குக் கடினமானவை. ஒப்பீரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கும். ஈரமான தாளில் இராமபாணப் பூச்சியும் நன்றாகப் பெருகும். பகலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு இரவில் நிறுத்துவது, எதுவுமே செய்யாமல் காற்றோட்டமாக வைப்பதைவிட மோசமானது. நிறுத்தியதும் நுழையும் ஈரக்காற்று குளிர்ந்த தாளின்மேல் நீராகப் படிகிறது, தாள் தினமும் விரிந்து சுருங்குகிறது. பூச்சி பிடித்த கட்டைப் பழைய தொகுப்போடு சேர்க்கும் முன், நெகிழிப் பையில் காற்றுப்புகாமல் அடைத்துக் மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஒரு வாரமோ இரு வாரமோ உறையவைத்தால் முட்டையும் புழுவும் இறந்துவிடும். பனையோலைக்கு வழி வேறு. அதற்குத் தைலம் தடவுதலும் மையாடுதலும் இன்றும் தொடர்கின்றன.

நகலெடுப்பது மூலத்துக்கு மாற்றல்ல, காப்பீடு. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக எதையும் வைக்கலாகாது என்பதை அதைவிடக் கொடிய முறையில் தமிழர்கள் கற்றதில்லை. ஈழத்து நூல்களை மின்படியாக்கிப் பேண 2005இல் இணையத்தில் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் அந்த வலியோடு தொடர்புடையது. மின்கோப்பும் சிதையும் என்பதால், ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு எண் கணிக்கப்பட்டு, குறித்த இடைவெளியில் மீண்டும் கணிக்கப்படுகிறது. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். அப்போது வேறோர் இடத்திலுள்ள பழுதற்ற படியால் அது மாற்றப்படும்.

வீட்டுக் காகிதத்தில் நோயும் கடனும் சண்டையும் இருக்கும். கடிதத் தாள் பெற்றவருக்கு உரியது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமையோ எழுதியவருக்கு உரியது. எனவே கொடுப்பவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, இன்ன கட்டு இன்ன ஆண்டுவரை திறக்கப்படாது என்று வரையறுப்பது காப்பகத்தின் கடமை. இந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் காப்பகத்துக்கே அடுத்த வீடு தன் பெட்டியைத் திறக்கும்.

எல்லாக் குடும்பங்களும் தம் காகிதங்களைப் பிரிய மனம் கொள்வதில்லை, கொள்ளவும் வேண்டியதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழகக் கிராமங்களுக்குச் சென்று, ஊர்ச்சபை வழக்குகளின் 1870 முதல் 1940 வரையான காகிதங்களை வீடுகளிலேயே தேடிப் படியெடுத்தது. மூலம் வீட்டிலேயே தங்க, மின்படி மட்டும் பொதுவெளிக்கு வந்தது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களுக்கும் அந்நிறுவனம் இத்தகைய முயற்சியை மேற்கொண்டது. இவ்வகைக் குடும்பப் படங்களைப் பதிவுசெய்யும்போது முகங்கள் இருக்கும் பக்கத்தோடு நிறுத்தக் கூடாது, அட்டையின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும் ஊரும் அங்கேதான் இருக்கும். சிலவற்றில் யாரோ ஒரு பாட்டி பென்சிலால் எழுதிய மூன்று பெயர்களும் இருக்கும், இடமிருந்து வலமாக.