பான்டம்வெயிட்: எடைக்குப் பெயர் தந்த கோழி

கிக் பாக்சிங்கின் உலகக் கூட்டமைப்பான வாகோ நடத்தும் உலகப் போட்டிகளில், முழு விசையோடு தாக்க இடம் தரும் 'ஃபுல் கான்டாக்ட்' வகையின் ஆடவர் அட்டவணையில் '−54' என்று ஒரு பிரிவு இருக்கும். 51 கிலோவைத் தாண்டியும் 54 கிலோவுக்கு மிகாமலும் உள்ளவர்கள் அதில் மோதுவார்கள். இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. இந்தப் பிரிவுக்குப் பான்டம்வெயிட் என்று பெயர். வெயிட் எடைதான், பான்டம் என்ன?

அது ஓர் ஊர். ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் மிளகு வணிகத்தால் செழித்திருந்த பான்டென் துறைமுகத்தை ஆங்கிலேயர் 'பான்டம்' என்று எழுதினார்கள். ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அங்கே வாங்கிய குட்டைக் கோழிகளுக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. அந்தச் சேவல்களுக்கு உருவம் சிறிது, வீறாப்புப் பெரிது. ஆகவே குள்ளமான துடுக்குக்காரர்களையும் ஆங்கிலத்தில் பான்டம் என்றார்கள். 1914இல் பிரிட்டிஷ் ராணுவம், முன்பு உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிய 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவானவர்களைச் சேர்த்து 'பான்டம் பட்டாளங்கள்' அமைத்தது. குத்துச்சண்டை அதற்கும் முந்திக்கொண்டது: 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலேயே பான்டம்வெயிட் உண்டு. அதில் வென்ற ஆலிவர் கிர்க், அடுத்த எடையான ஃபெதர்வெயிட்டிலும் தங்கம் வாங்கினார்.

கிக் பாக்சிங் இந்தப் பெயரைக் குத்துச்சண்டையிடமிருந்து இரவல் வாங்கியது. ஆனால் பெயரை நம்பி எடையைச் சொல்ல முடியாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் பான்டம்வெயிட்டின் உச்ச வரம்பு 53.5 கிலோ, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சியில் 61.2 கிலோ.

தமிழில் என்ன சொல்லலாம்? 'சேவல் எடை' என்றால் சேவலைத் தராசில் நிறுத்துவதுபோல இருக்கிறது. பழஞ்சொல்லான 'வாரணம்' இன்னும் சிக்கல்; அது கோழியையும் குறிக்கும், யானையையும் குறிக்கும். இலேசான பிரிவா, கனத்த பிரிவா என்று வாசகர் திகைத்துப் போவார். யானையைச் சேவல் வென்ற இடம் என்பதால் உறையூருக்கே கோழி என்று பெயர் வந்ததாகக் கதை உண்டு. சிலப்பதிகாரமும் 'வாரணம்' என்ற ஒரே சொல்லை இரு பொருளிலும் வைத்து அதைச் சொல்கிறது. அழகுதான், ஆனால் எடைப் பட்டியலுக்கு ஆகாது.

என் தேர்வு 'சிறுவிடை'. நாட்டுக்கோழி வளர்ப்போர் சிற்றுருவக் கோழியினத்தைச் சிறுவிடை என்றும், பேருருவச் சண்டைக் கோழியைப் பெருவிடை என்றும் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள். 'விடை' முட்டையிடத் தயாராகும் இளம் பெட்டையையும் குறிக்கும் என்பதால் ஆடவர் பிரிவுக்கு அது பொருந்துமா என்று யாராவது முகம் சுளிக்கலாம். சிறுவிடைச் சேவல் என்று சந்தையில் தயங்காமல் சொல்கிறார்களே! பெயரின் கதை சொல்லும் கட்டுரைக்குச் 'சிறுவிடை எடை' என்று எழுதலாம். முடிவுகளை அறிவிக்கும் செய்திக்கு, நாளிதழ்கள் ஏற்கெனவே எழுதிவரும் முறையில் 'ஆடவர் 54 கிலோ எடைப்பிரிவு' போதும்.