பாஸ்தா சாஸ்: பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

பாஸ்தா சாஸ் பாட்டிலின் முன்பக்கத்தில் பழுத்த தக்காளியும் பேசில் இலையும் தவறாமல் இருக்கும். விலை குறைந்த பாட்டிலிலும் அதே படம்தான், இறக்குமதியாகி வந்து மூன்று மடங்கு விலைக்கு விற்பதிலும் அதே படம்தான். உள்ளே இருப்பது என்னவென்று பின்பக்கத்துச் சிறு எழுத்துதான் சொல்லும். அதைப் படிக்கப் பழகிவிட்டால் நடுத்தர விலையிலேயே நல்ல சாஸ் கிடைக்கும்.

முதலில் சேர்மானப் பட்டியல். இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுகளில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. ‘தக்காளி’ என்றோ ‘தக்காளி ப்யூரி’ என்றோ பட்டியல் தொடங்கினால் நல்லது. ‘தண்ணீர், தக்காளி பேஸ்ட், சர்க்கரை’ என்று தொடங்கினால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம், பேஸ்டின் சதவீதத்தைப் பாருங்கள். பேஸ்ட் என்பது தக்காளிச் சாற்றின் நீரை வற்றவைத்து எடுத்தது. அதில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். வற்றவைக்காத தக்காளியில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீதம். எனவே பேஸ்டின் சதவீதத்தை ஐந்தால் பெருக்குங்கள். 18 சதவீதம் பேஸ்ட் என்றால் 100 கிராம் சாஸுக்குச் சுமார் 90 கிராம் தக்காளி போயிருக்கிறது, தாராளமாக வாங்கலாம். 8 சதவீதம் என்றால் 40 கிராம்தான்.

40 கிராம் தக்காளியே உள்ள அந்தச் சாஸ் பார்வைக்கு மட்டும் ஏன் கெட்டியாக இருக்கிறது? பட்டியலில் ஸ்டார்ச், ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் துணைப்பொருள்களுக்கான எண்) 1422, 1442, 415 ஆகியவற்றைத் தேடுங்கள். முதல் மூன்றும் மாவுச்சத்து, 415 என்பது சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பசை. இவை கெடுதலானவை அல்ல. ஆனால் பட்டியலில் இவை முன்னால் வந்தால் தண்ணீரைக் கெட்டிப்படுத்தித் தக்காளி விலைக்கு விற்கிறார்கள் என்று பொருள். இப்படிப்பட்ட சாஸ் தட்டில் பளபளவென்று கட்டியாக நிற்கும், சூடு ஆறினால் கூழாகிவிடும். ஐஎன்எஸ் 330, அதாவது சிட்ரிக் அமிலத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தக்காளியின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளராது. அதற்காகத்தான் அமிலம் சேர்க்கிறார்கள்.

‘ஆலிவ் எண்ணெயில் செய்தது’ என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தால் பின்பக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் முன்னால் வந்து, ஆலிவ் எண்ணெய் ஒரு சதவீதம் என்று பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஆலிவ் எண்ணெய் இருந்தால் இறக்கும்போது ஒரு தேக்கரண்டி ஊற்றினாலே அதைவிட மணக்கும்.

அடுத்து ஊட்டச்சத்து அட்டவணை. அதில் சர்க்கரைக்கு ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்த்த சர்க்கரை’ என்று இரண்டு வரிகள் இருக்கும். தக்காளியிலேயே சர்க்கரை உண்டு, வற்றினால் அது கூடும். 100 கிராமில் மொத்தம் 5 கிராம், சேர்த்தது பூஜ்யம் என்றால் கவலையில்லை. சேர்த்தது 4 கிராமைத் தாண்டினால் அது கெச்சப்பை நோக்கிப் போகிற சாஸ்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது சோடியம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடும் பாஸ்தாவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு நாளைக்குச் சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் உள்ள சாஸில் ஒருவர் 120 கிராம் சாப்பிட்டால் 720 மில்லிகிராம் ஆயிற்று. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 1.8 கிராம். பாஸ்தா வேகும் தண்ணீரில் போட்ட உப்பும் மேலே துருவிய சீஸும் இதில் சேரவில்லை. சிறு குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. 100 கிராமில் சோடியம் 400 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள பாட்டிலைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் வேகவைக்கும் தண்ணீரில் உப்பைப் பாதியாக்குங்கள்.

‘ஒரு பரிமாறல்’ என்ற கணக்கை நம்ப வேண்டாம். அதை 20, 30 கிராம் என்று சிறிதாக வைத்துக்கொண்டால் சதவீதமெல்லாம் சின்னதாகத் தெரியும். உண்மையில் 100 கிராம் உலர்ந்த பாஸ்தாவுக்கு 100 கிராம் சாஸாவது வேண்டும். எப்போதும் 100 கிராமுக்கான எண்ணையே ஒப்பிடுங்கள்.

விலையிலும் அப்படித்தான். 325 கிராம் 149 ரூபாய், 400 கிராம் 180 ரூபாய் என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை முதலாவதற்குத்தான் போகும். கிராமுக்குப் பார்த்தால் முதலாவது 46 காசு, இரண்டாவது 45 காசு. எம்ஆர்பி அருகே கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதே சேர்மானம் பவுச்சில் கிடைத்தால் பவுச்சே போதும்; கண்ணாடிக்கும் சேர்த்துத்தான் பாட்டிலில் பணம் கொடுக்கிறோம்.

பட்ஜெட்டுக்குள் வாங்குபவர்கள் தக்காளி சாஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெள்ளை சாஸ் பாட்டில்களில் பெரும்பாலும் தண்ணீர், எண்ணெய், பால்பொடி, ஸ்டார்ச்தான் இருக்கும். வீட்டில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, ஒரு கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. பாலை மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். பெஸ்டோ என்பது பேசில் இலையை அரைத்துச் செய்யும் பச்சை சாஸ். மலிவான பெஸ்டோவில் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரியும், ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயும் இருக்கும். முந்திரி ஒவ்வாமை உள்ள வீட்டில் இதைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

சுமாரான தக்காளி சாஸைத் தேற்றுவது எளிது. இரண்டு பல் பூண்டை நசுக்கி எண்ணெயில் லேசாக வதக்கி, உலர்ந்த ஒரிகானோவையும் அந்த எண்ணெயிலேயே போட்டு, பிறகு சாஸை ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். பேஸ்டின் பச்சை வாடை போய்விடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், நுரைத்து அடங்கும். சர்க்கரை புளிப்பை நாக்குக்கு மறைக்குமே தவிரக் குறைக்காது. பாஸ்தா வெந்த தண்ணீரை அரைக் கப் எடுத்து வைத்து, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினால் அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் சாஸையும் ஒன்றாக்கிப் பாஸ்தாவில் ஒட்ட வைக்கும்.

கடையில் எடுக்கும்போது மூடியின் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினால் ‘டக்’கென்று மேலும் கீழும் ஆடும் மூடி வேண்டாம், உள்ளே காற்று புகுந்திருக்கிறது. திறந்த பாட்டிலைப் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஐஎன்எஸ் 211, 202 போன்ற பதப்பொருள் சேர்க்காத சாஸ் என்றால் ஐந்து நாளுக்குள் முடியுங்கள். சின்னக் குடும்பம் என்றால் திறந்த அன்றே பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிடலாம். கண்ணாடி பாட்டிலோடு வைத்தால் விரிசல் விடும். மேலே பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். பூஞ்சை அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைக்கும், அந்த இடத்தில் மற்ற கிருமிகளும் வளரலாம். பாதி பாட்டில் மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.